இரண்டு பக்கமும் கூரான ஊசி

இந்த ஆஸ்பத்திரியில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. வைத்தது யார் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன், அது வேறு விஷயம். வீட்டில் பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். என் கணவர் "நல்லா இருக்கேன்" என்றால் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்பேன். நெஞ்சைத் திறந்து வேலை பார்க்கிறவளுக்கு இது கெட்ட குணம் இல்லை. நெஞ்சுக்குப் பொய் சொல்லத் தெரியும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி இருக்கும், உள்ளே ஆள் செத்துக்கொண்டிருப்பான்.

அன்று மதியம் சோபாக்காரர் வந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

சோபாக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். அவரும் அவர் மனைவியும் சேர்ந்து சோபாவுக்கு மெத்தை கட்டி உறை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, அவசரப் பிரிவுக்குள் நடந்தே வந்தார். வலப்பக்கம் அவருடைய அக்கா. அவள் காரில்தான் வந்திருந்தார்கள், சாவி இன்னும் அவள் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மனைவி. உடம்பெல்லாம் நூலும் பஞ்சும் ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு கையால் கணவனையும் இன்னொரு கையால் ஒரு தோள்பையையும் பிடித்திருந்தாள். கணவனைப் பிடித்ததைவிடப் பையைப் பிடித்த பிடி இறுக்கமாக இருந்தது. எனக்கு அங்கேயே மூக்கில் வேர்த்துவிட்டது.

"சின்னக் குத்துதான் மேடம்" என்றான் பயிற்சி டாக்டர். "தையல் ஊசி பட்டுடுச்சாம். ரத்தம்கூட இல்லை. தடுப்பூசி போட்டு அனுப்பிடலாமா?"

சட்டையை விலக்கிப் பார்த்தேன். இடது மார்புக்குக் கீழே ஒரு புள்ளி. ஒரே ஒரு சொட்டு ரத்தம், அதுவும் காய்ந்து கறுத்திருந்தது. அந்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஆனால் அந்த மனிதரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, கை சில்லென்று இருந்தது, கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி புடைத்திருந்தன. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இதயச் சத்தம், கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

"ஸ்கேன் மெஷினை இழுத்துட்டு வா. ஓடு" என்றேன்.

இதயத்தைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. விரியாத, முரட்டுப் பை. இதயத்தில் ஓட்டை விழுந்தால் ரத்தம் வெளியே கொட்டாமல் அந்தப் பைக்குள்ளேயே தேங்கும். தேங்கத் தேங்க, இதயம் விரிய இடமில்லாமல் போகும். அந்தப் பைதான் முதலில் ஆளைக் காப்பாற்றுகிறது, பிறகு அதுவே கழுத்தை நெரிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் எங்கள் பிழைப்பு.

ஸ்கேன் வருவதற்குள் மனைவியிடம் கேட்டேன். "என்ன ஊசி?"

"சின்ன ஊசிதான் டாக்டர். கைதவறிக் குத்திடுச்சு."

"யார் கை?"

அவள் தரையைப் பார்த்தாள். "அவர் கைதான்."

"இவ பேச்சை நம்பாதீங்க டாக்டர்" என்று நாத்தனார்க்காரி நடுவில் புகுந்தாள். "ரெண்டு பேரும் மூஞ்சி கொடுத்துப் பேசியே நாலஞ்சு நாள் ஆகுது. என் தம்பி தானே தன் நெஞ்சுல குத்திக்குவானா? அவன் என்ன பச்சைக் குழந்தையா?"

"அண்ணி, இப்போ வேண்டாம் அண்ணி."

"ஏன் வேண்டாம்? டாக்டருக்குத் தெரியட்டுமே!"

எனக்கு அந்த நாத்தனாரின் குரலும் பிடிக்கவில்லை, தோரணையும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி என் கேள்வி. சோபாக்காரர் பக்கம் திரும்பினேன். "நீங்களே சொல்லுங்க. என்ன ஆச்சு?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் டாக்டருக்கு முன்னால் அப்படிப் பார்த்துக்கொண்டால் எனக்கு எப்போதும் ஒன்றே ஒன்றுதான் தோன்றும், என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று. "வேலையில..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. கண் செருகிக்கொண்டது.

ஸ்கேன் திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தது. அதற்கு மேல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆப்பரேஷன் தியேட்டருக்கு ஓடினோம். ஓடுகிற ஓட்டத்திலேயே, ஆஸ்பத்திரிக் காவலுக்கு இருந்த போலீஸ்காரரைப் பார்த்து, "அந்தம்மாவை எங்கயும் போக விடாதீங்க. அந்தத் தோள்பையையும்தான்" என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னால் அந்த மனிதர் கேட்பார். என் சந்தேகம் ஒன்றிரண்டு தடவை அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

தியேட்டரில் மயக்கம் கொடுக்கிற டாக்டருக்குச் சாமியார் என்று பெயர். இதை வைத்தது நான். உலகமே இடிந்து விழுந்தாலும் அவர் குரல் ஏறாது. "சீக்கிரம் திறங்க, தாங்கமாட்டார்" என்பதை, குடையை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுபோலச் சொன்னார்.

விலா எலும்புகளுக்கு நடுவே இடது நெஞ்சைத் திறந்தேன். இதயத்தைச் சுற்றிய பை நீலம் பாரித்து, உப்பி, விறைத்துப்போய் நின்றது. கத்தரி நுனியால் அதைப் பிளந்ததும் கட்டி ரத்தம் ஈரல் துண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கையால் வாரி எடுத்தேன். மூச்சு முட்டிக்கொண்டிருந்த இதயம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தது. குதித்த வேகத்தில் முன்சுவரில் இருந்த ஓட்டையிலிருந்து ரத்தம் பீச்சி என் கண்ணாடியில் அடித்தது. விரலை வைத்து அடைத்தேன். ஊசி போன வழிதான் என்பதால் சின்ன ஓட்டை, ஆள்காட்டி விரல் நுனியே போதுமாக இருந்தது. விரலுக்கு அடியில் ஒரு மனிதனின் உயிர் துள்ளிக்கொண்டிருக்கும்போது யார் குத்தினார்கள் என்ற கேள்வி மறந்துபோகும் என்பார்கள். எனக்கு மறக்கவில்லை.

இதயத் தசையில் வெறும் நூலைப் போட்டு இழுத்தால் வெண்ணெயை நூலால் அறுக்கிற மாதிரி அறுத்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டித் துணித் துண்டு வைத்து, அதற்கு மேல் நூலை இழுத்துக் கட்டுவோம். கட்டினேன். முன்பக்க ஓட்டை அடைந்தது. சிஸ்டர் பெருமூச்சு விட்டார்.

நான் விடவில்லை. இதயப் பைக்குள் உறிஞ்சு குழாயை வைத்து எடுத்த பிறகும், அடியில் ரத்தம் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. ஊற்றவில்லை, ஊறியது. தேங்கியிருந்த பழைய ரத்தம் வடிகிறதா? அல்லது ஊசி இதயத்தின் முன்சுவரில் புகுந்து பின்சுவரையும் துளைத்துக்கொண்டு போயிருக்கிறதா?

"பின்பக்கம் பார்க்கணும்" என்றேன்.

"தூக்கினா நின்னுடும்" என்றார் சாமியார். "இப்போ இருக்கிற பிரஷர்ல இதயத்தைத் தூக்கிப் பிடிச்சா ரத்தம் உள்ள வரவும் வராது, வெளிய போகவும் போகாது. சின்ன ஊசின்னுதானே சொன்னாங்க? கொஞ்சம் ரத்தம் ஏத்திட்டு, நிதானமாப் பார்க்கலாமே."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சின்ன ஊசி என்றால் முன்சுவரைத் தாண்டியிருக்காது, தூக்கிப் பார்ப்பது வீண் வம்பு. பெரிய ஊசி என்றால், தூக்காமல் மூடினால் நாளை காலைக்குள் செத்துவிடுவார். எல்லாம் அந்த ஊசியின் நீளத்தில் இருந்தது. ஊசியின் நீளமோ, சின்ன ஊசி என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன ஒருத்தியின் வாயில் இருந்தது.

"சிஸ்டர், வெளிய போய் அந்தம்மாவைக் கேளுங்க. எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் போச்சு. உண்மையைச் சொன்னா அவர் பிழைக்க வழி உண்டு, இல்லேன்னா இல்லைன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சிஸ்டர் போய்த் திரும்புகிறவரை நான் அந்த ஊறலையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். துடைத்தால் போகும், மறுபடி வரும். சாமியார் ரத்தப் பையைக் கையால் பிழிந்துகொண்டிருந்தார்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் ஓர் ஊசி. நான் ஜென்மத்தில் அப்படி ஓர் ஊசியைப் பார்த்ததில்லை. ஒன்றரைச் சாண் நீளம். பேனா ரீஃபில் கனம். இரண்டு முனையும் கூர், ஒரு முனைக்குப் பக்கத்தில் காது. அதன் பாதி உடம்பில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"தோள்பைக்குள்ளதான் வச்சிருந்தாங்க மேடம். தானே எடுத்துக் கொடுத்தாங்க" என்றார் சிஸ்டர். அவருக்கே மூச்சு வாங்கியது. "'குத்தினது நான்தான். கட்டையில முட்டினமாதிரி இருந்துச்சு, அதனால உள்ளங்கையை வச்சு இன்னும் அழுத்தினேன். சோபா சாய்மானத்துக்குள்ள போனது போக மீதி எல்லாம் அவருக்குள்ள போயிடுச்சு. பின்பக்கமும் பாக்கச் சொல்லுங்க'ன்னாங்க. போலீஸ்காரர் பக்கத்துலயே நின்னாரு. அந்த அக்கா 'பாத்தீங்களா, பாத்தீங்களா'ன்னு கத்தி ஊரைக் கூட்டிட்டாங்க."

என் புத்தி போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். இவள் எதற்காக இப்போது உண்மையைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. நான் தூக்க வேண்டும், தூக்கினால் இதயம் நிற்க வேண்டும், பழி என் தலையில் விழ வேண்டும் என்று கணக்குப் போடுகிறாளோ? இப்படியும் ஒரு மூளை. ஆனால் பொய் சொல்கிறவர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். உள்ளங்கையை வைத்து இன்னும் அழுத்தினேன் என்று போலீஸ்காரர் காதுபடச் சொல்வதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பலாம் என்று முடிவுசெய்தேன். அவளை அல்ல.

"தூக்கறேன்" என்றேன்.

"தூக்குங்க" என்றார் சாமியார்.

இடது கையை இதயத்துக்கு அடியில் நுழைத்து, ஈரத் துணி ஒன்றை மடித்து முட்டுக்கொடுத்து, மெல்ல நுனியை நிமிர்த்தினேன். துடிப்பு தடுமாறியது. அங்கே, நான் எதிர்பார்த்த இடத்துக்கும் கொஞ்சம் கீழே, பின்சுவரில் ஓர் ஓட்டை. ரத்தம் ஊறவில்லை, நிமிர்த்தியதும் தாராளமாகவே கொட்டியது. நூலை வாங்கினேன். எங்கள் நூலிலும் இரண்டு நுனியிலும் ஊசி உண்டு என்பது அந்த நேரத்தில்தானா எனக்கு உறைக்க வேண்டும்! ஒரு தையல் போட்டேன். இதயம் நின்றுவிட்டது.

"நின்னுடுச்சு" என்றார் சாமியார், அதே குரலில்.

"தெரியுது. இன்னும் ஒண்ணு."

இரண்டாவது தையலை இழுத்துக் கட்டிவிட்டு இதயத்தைப் பழையபடி படுக்கவைத்தேன். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பிசைந்தேன். பிசைந்தேன் என்று சொல்வது எளிது. ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இரண்டு கையையும் விட்டு அவனுக்காகத் துடிக்கிற வேலை அது. பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பிறகு என் கைக்குள் ஏதோ நெளிந்தது. அப்புறம் ஒரு துடிப்பு, கோணலாக. அப்புறம் ஒழுங்காக ஒன்று. ஊறல் நின்றிருந்தது.

வெளியே வந்தபோது சாயங்கால வெயில் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் அறைக்குள் சரிந்திருந்தது. மனைவி ஓர் ஓரமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போலீஸ்காரர். எதிரே நாத்தனார், தன் பையையும் சேர்த்து மூன்று நாற்காலியை அடைத்துக்கொண்டு.

"உயிர் இருக்கு" என்றேன். "நாளைக்குக் கண் முழிச்சாத்தான் மிச்சம் சொல்ல முடியும்."

நாத்தனார் ஓவென்று அழுதாள். மனைவி அழவில்லை. "பின்பக்கம் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்துச்சு. இப்போ நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. எதுக்குக் குத்தினீங்க?"

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சோபா சாய்மானத்துல பட்டன் கட்டறதுக்கு ரெண்டு பேர் வேணும் டாக்டர். ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி. நான் முன்பக்கத்துலேர்ந்து ஊசியை விடுவேன், அவர் பின்னாடி வாங்கிக்கிட்டுத் திருப்பி விடுவார். நடுவுல பஞ்சு மலை மாதிரி இருக்கும், ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. அவர் 'வரட்டும்'னு சொன்னாத்தான் நான் விடுவேன்."

"சொன்னாரா?"

"நாங்கதான் பேசிக்கலையே. பூப்போட்ட துணி ஒண்ணைத் தலைகீழா வெட்டிட்டு, கஸ்டமர் வந்து கேட்டதும் 'அவதான் வெட்டினா'ன்னு என்னைக் கையைக் காட்டிட்டார். பூவெல்லாம் கீழ பாத்துத் தொங்குது. வெட்டினது அவர். அதுலேர்ந்து பேச்சு இல்லை."

"பேசாம எப்படி வேலை பார்த்தீங்க?"

"சோபாவோட மரச்சட்டத்துல தட்டுவார். ஒரு தட்டு தட்டினா வரட்டும்னு அர்த்தம். ரெண்டு தட்டுன்னா இரு. இன்னைக்கு டக்குன்னு ஒரு தட்டு கேட்டுச்சு, நான் விட்டுட்டேன். அது அவர் தட்டினது இல்லை. பின்னாடி ஓடிப்போய்ப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது, சுத்தியல் சட்டத்து மேல விழுந்திருக்கு. அதை எடுக்க சாய்மானத்தோட பின்பக்கத்துலயே நெஞ்சை அழுத்திக் குனிஞ்சிருக்கார்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தட்டாம், சுத்தியலாம். கேட்பதற்கு ஜோராக இருந்தது, அதுதான் எனக்கு உதைத்தது. நிஜத்தில் நடப்பது இவ்வளவு கச்சிதமாக இருக்காது.

"அப்போ முதல்லயே ஏன் சின்ன ஊசின்னு சொன்னீங்க?"

"அண்ணி கார்ல ஏத்தும்போதே 'நீ என்னடி பண்ணினே'ன்னு ஆரம்பிச்சாங்க. நான்தான் குத்தினேன்னு சொல்லியிருந்தா அங்கயே சண்டை நடந்திருக்கும். சண்டை முடியறதுக்குள்ள அவர் முடிஞ்சிருப்பார். இங்க வந்தப்புறமும் அவங்க பக்கத்துலயே நின்னாங்க. வாய் வரலை."

"நல்லா கதை கட்டுறா!" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நானும் அதையேதான் நினைத்தேன். நாலஞ்சு நாள் மனத்தாங்கல், கையில் ஒன்றரைச் சாண் ஊசி, முட்டியபிறகும் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து, பிறகு அதைப் பையில் ஒளித்தல், கேட்டதற்குப் பொய். இதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? போலீஸ்காரரைத் தனியே அழைத்தேன். "அந்தம்மாவை உள்ள விடாதீங்க. அவர் முழிக்கட்டும். நான் ஒரு பரீட்சை வச்சுப் பார்க்கறேன்."

"உங்களுக்கு என்ன தோணுது மேடம்?"

"வேணும்னே செஞ்சதுன்னு தோணுது" என்றேன். அவர் அதை மனதில் குறித்துக்கொண்டார். அந்த முகத்தில் அது தெரிந்தது.

மறுநாள் காலை சோபாக்காரர் கண் விழித்தார். வாயில் மூச்சுக்குழாய் இருந்ததால் பேச முடியாது. கை கால் அசைந்தது, சொன்னது புரிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு குழாய் தரையில் வைத்திருந்த பாட்டிலுக்குப் போயிற்று. தலைமாட்டில் மானிட்டர் அவருடைய இதயத் துடிப்பை எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்தான் என் பரீட்சை. கொல்லப் பார்த்தவளைத் திடீரென்று எதிரில் பார்த்தால், வாய் சும்மா இருந்தாலும் இதயம் சும்மா இருக்காது. நேற்று என் கைக்குள் இருந்த இதயம், அது என்னிடம் பொய் சொல்லாது என்று ஒரு நினைப்பு.

நாத்தனாரைக் கால்மாட்டில் நிறுத்தினேன். போலீஸ்காரர் என் பக்கத்தில் நின்றார். யாரும் எதுவும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கூட்டிவரச் சொன்னேன்.

அவள் வாசலில் வந்து நின்றாள். ராத்திரி முழுக்க அந்த நாற்காலி நுனியிலேயே இருந்திருக்க வேண்டும், தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. சோபாக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். மானிட்டரில் எண் ஏறியது. எண்பதில் இருந்தது தொண்ணூறைத் தாண்டியது, நூற்றைத் தொட்டது. நான் போலீஸ்காரரைப் பார்த்து, பாருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டக்.

சோபாக்காரரின் ஆள்காட்டி விரலில் மாட்டியிருந்த கிளிப், கட்டிலின் இரும்புக் கம்பியில் பட்ட சத்தம். நான் தற்செயல் என்று நினைத்தேன். வாசலில் நின்றவள் நினைக்கவில்லை. அவள் நடந்து வர ஆரம்பித்தாள். கண் அவர் முகத்தைவிட்டு அசையவில்லை, கால் எங்கே படுகிறது என்றுகூடப் பார்க்காமல் வந்தாள்.

டக், டக்.

அவள் நின்றாள். எடுத்து வைக்கப்போன கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. ஏன் என்று அவள் கேட்கவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. அவர் இரு என்றார், அவள் இருந்தாள். அவ்வளவுதான். நான்தான் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டிய பாட்டிலை யாரோ துடைப்பதற்காக வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். நெஞ்சுக்குழாய் தரையில் வளைந்து கிடந்தது. அவளுடைய கால் அதற்கு நேர் மேலே இருந்தது. அவள் மிதித்திருந்தாலோ, தடுக்கி இழுத்திருந்தாலோ, என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சிஸ்டர் ஓடிவந்து பாட்டிலை உள்ளே தள்ளினார்.

டக்.

கால் தரையில் பட்டது. அவள் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று அவள் சொன்னதில் நான் நம்பியது ஒரே ஒரு வாக்கியத்தை. மீதி எல்லாவற்றையும் கதை என்றேன். ஒருவனுக்கு வாயில் குழாய், ஒருத்திக்குக் கண் முழுக்கத் தண்ணீர். இந்த நிலைமையில் ஒத்திகை பார்த்து நடிக்க யாராலும் முடியாது. கால் அந்தரத்தில் நிற்கிற அளவுக்கு ஒரு தட்டை நம்புகிறவள், நேற்று மதியமும் ஒரு தட்டை அப்படித்தான் நம்பியிருக்கிறாள். நான் யாரையாவது அப்படி நம்பியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதில் பிடிக்கவில்லை, யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவள் அவரிடம் பேசினாள். இத்தனை நாளுக்குப் பிறகு பேசுகிற முதல் பேச்சு. நான் மன்னிப்பு கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"பூவைத் தலைகீழா வெட்டினது நான் இல்லை" என்றாள்.

சோபாக்காரர் கண்ணை மூடினார், திறந்தார். கிளிப் மாட்டிய விரலை மெல்லத் தூக்கினார். நான் போட்ட கட்டின் மேல், தன் நெஞ்சின் மேலேயே அந்த விரலை வைத்தார். நான்தான் என்று. பிறகு அந்த விரலைக் கால்மாட்டில் நின்ற அக்காவின் பக்கம் நீட்டிவிட்டு, மறுபடியும் தன் நெஞ்சில் வைத்தார். அக்காவும் கேட்டுக்கொள்ளட்டும் என்று. நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கார் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், பிறகு மெதுவாகப் போய்த் தம்பி மனைவியின் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள்.

மானிட்டரைப் பார்த்தேன். எண் இறங்கிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் என் காதருகில், "மேடம், வேணும்னே செஞ்சதுன்னு நேத்து சொன்னீங்களே, அப்படியே வச்சுக்கலாமா?" என்றார்.

"வேண்டாம். அது தப்பு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. "இவ்வளவு சீக்கிரம் எப்படி மேடம் நம்பினீங்க?"

நான் கட்டிலைக் கையால் காட்டினேன். அவள் அங்கே கணவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவள் ஒவ்வொரு தட்டுக்கும் இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்தாள்.